டிசைன் பேப்பரில் ஒட்டினால் போட்டோவே காணாமல் போகிறது, என்ன செய்வது?

மல்லிகைச்சரம்:
அக்காவின் வளைகாப்பு போட்டோக்களை வைத்து ஸ்க்ராப்புக் (அலங்காரத் தாளில் போட்டோ ஒட்டிச் செய்யும் ஆல்பம்) செய்கிறேன், குழந்தை பிறந்ததும் கொடுக்கலாம் என்று. 12க்கு 12 அங்குல ஆல்பம், அதே அளவில் 24 தாள் உள்ள டிசைன் பேப்பர் கட்டு. முதல் பக்கத்துக்கே பெரிய சிவப்பு ரோஜா போட்ட தாளை எடுத்து, நடுவில் 4க்கு 6 போட்டோ இரண்டை ஒட்டினேன். கடையில் அவ்வளவு அழகாக இருந்த தாள், இப்போது அக்கா முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, இது என்னடி ஜவுளிக்கடை விளம்பரமா என்கிறாள். பிளெயின் தாள்தான் நல்லதா? மீதி 23 தாளை என்ன செய்ய?

காகிதக்கத்தரி:
தாள் மேல் தப்பில்லைங்க. உங்கள் போட்டோவிலேயே டிசைன் நிறைய இருக்கிறது: பட்டுப்புடவை ஜரிகை, கை நிறைய வளையல், வரிசைத் தட்டு, பின்னால் பூத்தோரணம். அதற்கு அடியில் முகம் அளவுக்கு ரோஜா வந்தால் கண் எங்கேதான் போகும்? அடியில் சந்தன நிறத்தில் பிளெயின் கார்ட்ஸ்டாக், அதாவது கெட்டித் தாள் வையுங்கள். ரோஜா தாளை 2 அங்குலப் பட்டையாக வெட்டி ஒரு ஓரமாக மட்டும் ஒட்டுங்கள், பக்கத்திலேயே அரை அங்குலத்துக்குப் பொடிப் புள்ளி போட்ட தாள், அந்தப் புள்ளி ரோஜா இலையின் பச்சையாக இருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். பெரிய டிசைன் ஒன்று, பொடி டிசைன் ஒன்று, அவ்வளவு போதும். போட்டோவைச் சுற்றி 3 மில்லிமீட்டர் வெள்ளை ஓரம் விடுங்கள். ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் சும்மா அடுக்கி, போனில் கருப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், முகம் தனியாகத் தெரியவில்லை என்றால் அடித்தாளை மாற்றுங்கள்.

இல்லை, முழு ரோஜாதான் வேண்டும் என்றால் போட்டோக்கள் மூடும் இடத்தில் 7க்கு 5 துண்டை முதலிலேயே வெட்டி எடுத்துவிடுங்கள். போட்டோ மறைத்துவிடும், ஓட்டை யாருக்கும் தெரியாது, அந்தத் துண்டில் இன்னொரு பக்கத்துக்குப் பட்டை கிடைக்கும். நான் இப்படித்தான் கஞ்சத்தனம் செய்கிறேன்.

பழையஆல்பம்:
ஏன் இவ்வளவு பாடு, போட்டோவைக் கருப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டால் எந்தத் தாளிலும் எடுப்பாக இருக்குமே.

காகிதக்கத்தரி:
மற்ற விசேஷம் என்றால் சரி. வளைகாப்பில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் போட்டிருக்கும்போது கருப்பு வெள்ளையா? மனசு வராது.

தஞ்சைப்பாட்டி:
ஒட்டியதை இழுத்துப் பிய்க்காதே கண்ணு. இரண்டு பக்க டேப் என்றால் ஹேர் டிரையரை லேசான சூட்டில் காட்டி, பல் இடுக்கு சுத்தம் செய்கிற நூலை ரம்பம் மாதிரி அடியில் ஓட்டு, வந்துவிடும். வெள்ளைப் பசை என்றால் விட்டுவிடு, வேறு பிரிண்ட் போட்டுக்கொள். நான் பேரனுக்குச் செய்த முதல் ஆல்பத்தில் பரிசுப்பொருள் சுற்றும் தாளை அந்தப் பசையால் ஒட்டி, ஈரத்தில் தாள் சுருங்கி அப்பளம் மாதிரி ஆயிற்று, அப்புறம் சில வருஷத்தில் ஓரமெல்லாம் பழுத்தும் போயிற்று. ஆசிட் இல்லாதது, லிக்னின் (தாளைப் பழுக்க வைக்கிற மரச்சத்து) இல்லாதது என்று கட்டின் மேல் போட்டிருக்கிறதா பார்த்து வாங்கு. பக்கத்தைப் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையும் பிவிசி வேண்டாம், பாலிப்ரோப்பிலீன் வாங்கு.

மல்லிகைச்சரம்:
டேப்தான் பாட்டி, தப்பித்தேன்! நூல் போட்டதில் இரண்டும் முழுசாக வந்துவிட்டது. சந்தன நிறத் தாளில் மாற்றி வைத்தேன், பட்டையை இடது பக்கம் செங்குத்தாக ஒட்டியதும் அக்கா முகம் பளிச்சென்று தெரிகிறது. இப்போதுதான் கவனித்தேன், பின்னால் நிற்கும் சித்தி இரண்டு போட்டோவிலும் கண்ணை மூடியிருக்கிறாள். ரோஜா இருந்தபோது இது தெரியவே இல்லை.

காகிதக்கத்தரி:
சித்தி முகத்தில் ஒரு ரோஜாவை வெட்டி ஒட்டிவிடுங்கள் :)