குவேசார் நிறமாலையில் இருப்பது காடா, நிரையா?

அனுப்புவது: உயர்தர பௌதிகவியல் ஆசிரியை, பண்டாரவளை

குழுவினருக்கு வணக்கம். எங்கள் விஞ்ஞான மன்ற மலருக்குப் பிள்ளைகள் குவேசார் பற்றி, அதாவது மிகத் தொலைவிலிருந்து பிரகாசிக்கிற விண்மீன் திரள் மையங்கள் பற்றி, எழுதுகிறார்கள். ஒரு வரைபடத்துக்குப் பெயர் வைப்பதில் மாட்டிக்கொண்டோம்.

செம்பெயர்ச்சி 3 உள்ள (அதாவது ஒளியின் அலைநீளம் நான்கு மடங்காக நீண்டு வந்த) ஒரு குவேசாரின் நிறமாலை அது. ஐதரசனின் லைமன்-அல்பா காலற் கோடு (அணு உமிழும் ஒளிக் கோடு) ஆய்வுகூடத்தில் 121.6 நனோமீற்றரில் இருக்கும். படத்தில் அது 486 வரை நகர்ந்து பெரிய கூராக நிற்கிறது. கூருக்கு வலப்பக்கம் பெரும்பாலும் சமதளம். இடப்பக்கமோ ஒடுங்கிய உறிஞ்சல் கோடுகளாக நெருங்கிக் கிடக்கிறது. 1971இல் றோஜர் லிண்ட்ஸ் கவனித்துச் சொன்ன இந்தப் பகுதியை ஆங்கிலத்தில் ‘காடு’ என்ற பொருள்படச் சொல்கிறார்கள். “தேயிலை நிரை மாதிரித்தானே இருக்கு டீச்சர், உறிஞ்சல் நிரைன்னு போடுவமே” என்றாள் ஒருத்தி. எனக்குப் பிடித்துவிட்டது. ஊர்ச் சொல்லாகவும் இருக்கிறது, தாயக் (matrix) கணக்கிலும் நிரை வருகிறது. என்ன சொல்கிறீர்கள்?

---

அனுப்புவது: ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹட்டன்

டீச்சர், பிள்ளையைப் பாராட்டுங்கள், ஆனால் நிரை வேண்டாம்.

நிரை என்றால் அளந்து நட்டது. இந்தக் கோடுகளுக்கு நடுவே இருக்கிற தூரத்தை யாரும் அளந்து வைக்கவில்லை. குவேசாரின் ஒளி நம்மிடம் வருகிற வழியெல்லாம் அண்டம் விரிய விரிய, அலைநீளமும் நீண்டுகொண்டே வருகிறது. வழியில் ஓரிடத்தில் நடுநிலை ஐதரசன் வாயு குறுக்கிட்டால், அந்த இடத்தை அடையும்போது சரியாக 121.6 ஆக நீண்டிருக்கிற ஒளிதான் வெட்டுப்படும். பிறகு அந்த வெட்டும் சேர்ந்து நீண்டு நம்மிடம் வரும். 425.5இல் ஒரு கோடு விழுந்திருந்தால் வாயு செம்பெயர்ச்சி 2.5இல் இருக்கிறது, 364.7இல் என்றால் 2இல். ஆக, உங்கள் படத்தின் கிடை அச்சு அலைநீளத்தையும் காட்டுகிறது, தூரத்தையும் காட்டுகிறது. கோடு நெருக்கமாக இருந்தால் அங்கே வாயு அடர்த்தி, இடைவெளி விழுந்தால் அங்கே வெளி வெறுமை. ஒழுங்கில்லாமைதான் இங்கே தரவு. அதற்குப் போய் நிரை என்று பெயர் வைப்பதா?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகள் ஐதரசன் கோடுகளின் பாமர் தொடர் படித்தவர்கள். ஓர் அணுவில் பல சத்தி மட்டங்கள், அதனால் பல கோடுகள் என்று மனதில் பதிந்திருக்கும். இங்கே நடப்பது தலைகீழ். இலத்திரன் தாவும் மாற்றம் ஒன்றேதான், இரண்டாம் மட்டத்துக்கும் முதலாம் மட்டத்துக்கும் இடையே உள்ளது. இடங்கள்தான் பல. நிரை என்றதும் தொடர் ஞாபகம் வரும், அத்தோடு கதை முடிந்தது.

காடுதான் பொருத்தம், அதை யாரும் நடுவதில்லை. ‘கோட்டுக்காடு’ என்று போடலாமா என்றும் யோசித்தேன். பழந்தமிழில் கோடு என்றால் மலையுச்சி, மரக்கிளை. மலைநாட்டில் இருந்துகொண்டு கோட்டுக்காடு என்று எழுதினால் ஹோட்டன் சமவெளிக்குச் சுற்றுலா என்று நினைப்பார்கள். என் தெரிவு ‘வரிக்காடு’.

---

அனுப்புவது: பொறியியலாளர், பதுளை

வரிக்காடா சேர்? வரி கட்டக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது!

பரீட்சைத் தாளில் ‘உறிஞ்சல் கோடு’ என்றுதான் வருகிறது. ஒரே பொருளுக்கு வரி, கோடு என்று இரண்டைக் கொடுத்தால் பிள்ளைகள்தான் பாவம். ‘உறிஞ்சற்காடு’?

---

அனுப்புவது: பௌதிகவியல் ஆய்வு மாணவர், பேராதனை

எனக்கு உறிஞ்சற்காடு சம்மதம், முன்னால் ‘லைமன்’ கட்டாயம் வேண்டும். கூரின் வலப்பக்கத்திலும் அங்கங்கே உறிஞ்சல் உண்டு டீச்சர். மகனீசியம், இரும்பு அயன்கள் தருகிற கோடுகள் அவை. மகனீசியத்தின் சோடிக் கோடுகள், ஆய்வுகூட அளவில் 279.6உம் 280.3உம், சேர்ந்தே வரும். லைமன் என்று சொல்லாவிட்டால் இவையும் காட்டுக்குள் போய்விடும்.

கட்டுரையில் இவற்றுக்கு இரண்டு பந்தியாவது ஒதுக்குங்கள். மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் நுண்கட்டமைப்பு மாறிலியைச் சோதிப்பது இவற்றை வைத்துத்தான். அந்த மாறிலி (ஏறக்குறைய 1/137) சற்றே வேறாக இருந்தால் இரும்பின் கோடுகள் நகர்கிற அளவுக்கு மகனீசியத்தின் கோடுகள் நகராது. ஒரே வாயு முகிலில் இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஆய்வுகூட அளவோடு ஒப்பிட்டால், பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் பெறுமானம் என்ன என்று தெரியும். ஜோன் வெப் குழுவினர் 1999இல் ஹவாயின் கெக் தொலைகாட்டித் தரவை வைத்து, அக்காலத்தில் அது மிகச் சிறிதளவு குறைவாக இருந்ததற்கு அறிகுறி உண்டு என்றார்கள். பிறகு நிறமாலைமானிகளின் அலைநீள அளவுத்திட்டத்திலேயே கோணல் இருப்பது தெரியவந்தது. சிலியில் உள்ள எஸ்பிரசோ கருவியால் ஒரு பிரகாசமான குவேசாரைப் பார்த்து 2022இல் வந்த முடிவில், பத்து இலட்சத்தில் ஓரிரு பங்கு என்ற வழுவெல்லைக்குள் மாற்றம் எதுவும் தெரியவில்லை. (கருவிக்குக் கோப்பிப் பெயர். எங்கள் மலையில் தேயிலைக்கு முன்னால் நின்றதும் கோப்பிதான்.)

இதில் எனக்கு ஒரு சொல் உறுத்துகிறது. ‘மாறிலி மாறுகிறதா?’ என்று கேட்டால், மாறாதது என்று பெயரே பதில் சொல்லிவிடுகிறது. அலகில்லாத தூய எண் அது. ‘நுண்கட்டமைப்பு எண்’ என்று எழுதினால் கேள்வி திறந்தே இருக்கும்.

---

அனுப்புவது: ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹட்டன்

தம்பி, அதை மட்டும் தொடாதீர்கள். பாடத்தில் ஊறிய சொல் அது. தலைப்பாக ‘மாறிலி மாறுமா?’ என்று வைத்தால் எந்தப் பிள்ளையும் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகாது.

உறிஞ்சற்காட்டுக்கு நானும் கைதூக்குகிறேன்.

---

அனுப்புவது: உயர்தர பௌதிகவியல் ஆசிரியை, பண்டாரவளை

சரி சேர். படத்தில் ‘லைமன் உறிஞ்சற்காடு’, இரண்டாம் பகுதிக்குத் தலைப்பு ‘மாறிலி மாறுமா?’. ஒரே மாற்றம், பல இடங்கள் என்பதைப் படத்துக்குக் கீழேயே போடுகிறோம். நிரை என்று சொன்ன பிள்ளைக்கு உங்கள் விளக்கத்தை வாசித்துக் காட்டினேன். “அப்ப காட்டுக்குள்ள வெட்டவெளி வந்தா அதுக்கு என்ன பேரு?” என்று கேட்கிறாள்.

அடுத்த படத்தில் மிக அடர்ந்த ஐதரசன் முகில் ஒன்றால் உண்டான அகன்ற பள்ளம் இருக்கிறது, அடிவரை இறங்கி இரண்டு பக்கமும் சிறகு விரித்தபடி. ஆங்கிலப் பெயரை அப்படியே ‘தணித்த’ என்று போட்டால் பிள்ளைகள் ஊசலை நினைத்துக்கொள்வார்கள். ‘சிறகுப்பள்ளம்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். மாற்றுச் சொல் இருந்தால் திங்கட்கிழமைக்குள் அனுப்புங்கள், அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள்.