எடை இயல்பு, இன்சுலின் மட்டும் அதிகம்: 14 வயதுப் பையனுக்கு அடுத்து என்ன?

என் மகனுக்கு 14 வயது. உயரம் 156 செ.மீ., எடை 51 கிலோ. பி.எம்.ஐ. 21, வளர்ச்சி அட்டவணையில் இயல்பான இடம்தான். ஆனால் இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.; உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால். கழுத்தின் பின்புறம் கருத்துத் தடித்திருக்கிறது, தேய்த்தாலும் போகாது (அழுக்கு என்று சொல்லாத உறவினர் இல்லை).

வெறும் வயிற்றில் சர்க்கரை 92, இன்சுலின் 22. இரண்டையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் வரும் ஹோமா அளவு 5; இன்சுலின் எதிர்ப்பை, அதாவது உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காததைக் காட்டும் எண் இது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.4. அதாவது சர்க்கரை இன்னும் ஏறவில்லை. ஏறாமல் பிடித்து வைக்கக் கணையம் கூடுதலாக உழைக்கிறது.

குழப்பம் இங்கேதான். பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோன் கூடும்போது இன்சுலின் எதிர்ப்பு தானாக ஏறும், பிறகு இறங்கும் என்கிறார் ஒரு மருத்துவர். கழுத்துக் கருமையும் வயிற்றுக் கொழுப்பும் சேர்ந்திருப்பதால் அப்படி விட முடியாது என்கிறார் இன்னொருவர். எனக்கு இரண்டுமே நியாயமாகப் படுகிறது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்பதில் மட்டும் இருவரும் ஒன்று.

இனிப்புப் பானங்களை நிறுத்திவிட்டோம். ஆறு மாதமாகச் சைக்கிள் ஓட்டுகிறான். தூக்கத்தையும் சரி செய்தாயிற்று. இடுப்பு அளவு அப்படியே. கொழுப்புச் சதவீதம் காட்டும் வீட்டு எடைக் கருவி தண்ணீர் குடித்தாலே வேறு எண் சொல்கிறது, அதை நம்புவதில்லை. தசைப் பயிற்சி இன்னும் தொடங்கவில்லை.

இதே நிலையில் பிள்ளைகள் இருந்தவர்களிடம் கேட்கிறேன்: டெக்ஸா ஸ்கேன் எடுத்துக் கொழுப்பு, தசை அளவு தெரிந்தபின் மருத்துவர் சொன்ன வழி உண்மையில் மாறியதா?