வெளிநாட்டுக்கு மிஷனெரி ஊழியத்துக்குக் கிளம்பின குடும்பங்கள்: நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

தேரிக்காட்டான்:

சாத்தான்குளம் பக்கம் எங்க ஊரு. அங்க இருந்து ஒரு குடும்பம் மலாவிக்குக் கிளம்பிச்சு. அண்ணன் வாத்தியார், அக்கா நர்ஸ், ரெண்டு பிள்ளைங்க. அக்காவுக்கு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில வேலை. அனுப்புதல் ஆராதனை, போதகர் ஐயர் தலையில கை வச்சு ஜெபம், சபையார் அழுகை, பிறகு பந்தி. இதெல்லாம் நீங்களும் பார்த்திருப்பீங்க, விட்டுடுறேன்.

பெட்டி கட்டுறதுக்கு ஒத்தாசையாப் போயிருந்தேன். ஆளுக்கு 23 கிலோவுல ரெண்டு பெட்டி. தொங்கு தராசுல மாட்டி எடை பார்க்குறது என் வேலை. பார்க்க வந்தவங்க யாரும் வெறுங்கையோட வரல. கருப்பட்டி, நெத்திலிக் கருவாடு, கொப்பரை, வசன காலண்டர். கொப்பரையை விமானத்துல ஏத்த விடமாட்டான், எண்ணெய்ச் சத்து, தீப்பிடிக்கும்னு. அதை நான் வாய் திறந்து சொல்லப் போனா அக்கா கண்ணைக் காட்டும். சிரிச்ச முகமா வாங்கி வச்சுக்கிட்டு, ராத்திரி பக்கத்துத் தெருவுக்குக் கொடுத்து விட்டுரும்.

அன்னைக்குச் சாயந்திரம் எங்க தெருப் பாட்டி வந்துச்சு. சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு பொட்டலத்தை அண்ணன் கையில வச்சுச்சு. செத்தா பெட்டிக்கும் குழிவெட்டுக்கும்னு கிழவிங்க முடிஞ்சு வைப்பாங்கள்லா, அந்தக் காசு. அண்ணன் வாங்க மாட்டேன்னுட்டாரு. பாட்டிக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நான் செத்தா நாறவா விடப்போறீய? ஊரு தூக்கிப் போடும். நீ கொண்டு போல"ன்னுச்சு.

அண்ணன் அதுக்கு மேல ஒண்ணும் பேசல. உள்ள போய், இவங்களை அனுப்புற மிஷன் சங்கத்தோட ரசீதுப் புத்தகத்தை எடுத்துட்டு வந்தாரு. பேர் கேட்டு, தொகை எழுதி, கையெழுத்துப் போட்டு, கிழிச்சுக் கொடுத்தாரு. பாட்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நாலா மடிச்சு, காசு இருந்த அதே சுருக்குப்பையில ரசீதை வச்சுக்கிச்சு.

வாங்கினது சரியா? இன்னைக்கும் எனக்குத் தெளியல. அதான் இங்க கேட்குறேன்.

கணக்குப்பிள்ளை (ஓய்வு):

ரசீது எழுதினாரே, அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. இந்த விஷயத்தில் ரசீது எழுதுகிறவர்கள் குறைவு.

என் அனுபவம் சிறியது. எங்கள் சேகரத்தில் (பல சபைகள் சேர்ந்தது) ஒரு குடும்பத்தைக் கம்போடியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். கமிட்டி கூடியது. மாதாமாதம் சங்கக் கணக்கிலிருந்து அனுப்பிவிடலாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். ஆடிட்டர் பேனாவை மூடி சட்டைப்பையில் செருகிவிட்டு, "அப்படியானால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். அந்தத் தம்பி மனைவியோடு வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வேலையை ராஜினாமா செய்து நோட்டீஸ் காலம் முடிகிற வாரம் அது. அவரிடம் போய்ச் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

ஏன் முடியாது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். நம் ஆட்கள் எடுத்ததற்கெல்லாம் எஃப்.சி.ஆர்.ஏ. என்பார்கள். அது வெளியிலிருந்து உள்ளே வரும் பணத்துக்கான சட்டம். இங்கிருந்து வெளியே போகும் பணத்துக்கு 1999-ம் ஆண்டின் ஃபெமா சட்டம். வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளையோ சங்கமோ தன் பணத்தை இந்தியாவுக்குள் செலவிட்டால்தான் விலக்கு நிற்கும். வெளிநாட்டில் செலவிட்டதற்கும் விலக்கு வேண்டுமென்றால் மத்திய நேரடி வரிகள் வாரியத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டும். தனி மனிதர் எல்.ஆர்.எஸ். என்ற ரிசர்வ் வங்கி முறையில் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். அந்த வசதி அறக்கட்டளைக்குக் கிடையாது. நம்மவர்கள் பெரும்பாலும் ஆசிரியர், நர்ஸ், லேப் டெக்னீஷியன் என்று அங்கேயே சம்பளம் கிடைக்கிற வேலையோடு போவதற்கு இதுவும் ஒரு காரணம். அழைப்பு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம்.

இன்னொன்று. வேலைக்காக வெளிநாடு போய்விட்டால் இங்கிருக்கும் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். போகிற அவசரத்தில் ஒருவரும் செய்வதில்லை. போகும் முன்பே ஒரே நடையில் பேங்கில் கேட்டுத் தயார் செய்து வையுங்கள். வீட்டுவரி, கரண்ட் பில், பெற்றோரின் ஆஸ்பத்திரிச் செலவு இவற்றுக்கெல்லாம் ஊரில் ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுங்கள். தம்பி, மச்சான் என்று வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்தெந்தக் காரியத்துக்கு என்று வரையறுத்து எழுதுங்கள். பொதுப் பவர் வேண்டாம். நிலம் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

நெய்யூர்க்காரி:

ஐயா, பணத்துக்கு முன்ன பேரு இருக்கு. என் கூடப் படிச்சவ, அவளும் மலாவிக்குத்தான் போனா. மார்க் ஷீட்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேரை விரிச்சு எழுதினது, இங்க நர்சிங் கவுன்சில் பதிவுல கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் பேரு. ஒரே பொம்பளை, மூணு பேரு. அங்க உள்ள நர்சிங் கவுன்சில்காரன் இதுல யாரு நீன்னு கேட்குறான். நோட்டரிகிட்ட அஃபிடவிட், பிறகு சரிபார்ப்புக் கடிதம், வெளிநாட்டுல செல்லுறதுக்கு அரசாங்கம் ஒட்டித் தர்ற அப்போஸ்டில் முத்திரை. அவ ஜெபத்துல இருந்ததைவிட ஜெராக்ஸ் கடையில இருந்ததுதான் அதிகம்.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட நாகர்கோவில்ல இருந்து ரயிலேறிப் போனோம். துணைக்கு நானும் போனேன். மலாவியில அந்தக் காய்ச்சல் கிடையாது. ஆனா அவங்க டிக்கெட் அந்தக் காய்ச்சல் உள்ள எத்தியோப்பியா வழியா. அந்தப் பக்கமாத் திரும்பி வரும்போது ஊசி போட்டதுக்கான மஞ்சள் புத்தகம் இல்லன்னா நம்ம ஏர்போர்ட்லயே தனிமையில உட்கார வச்சிருவான்.

வரிசையில எல்லாரும் ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போற ஆம்பளைங்க. இவங்க மட்டும் குடும்பம். சின்னவனுக்கு முட்டை ஒத்துக்காது, சாப்பிட்டா மூச்சு இழுக்கும். இந்த ஊசி முட்டையில வளர்த்துத் தயாரிக்கிறது. டாக்டரம்மா கேட்டதும், போட முடியாதுன்னு பேப்பரைத் திருப்பித் தந்துட்டாங்க. இவ வீட்டுக்காரர் உடனே அங்கேயே தலையைக் குனிஞ்சு ஜெபம் பண்ண ஆரம்பிச்சாரு. இவ அவர் கையைத் தட்டிவிட்டு, "பிறவு ஜெபிக்கலாம், முதல்ல டிக்கெட்டைப் பாருங்க"ன்னா.

கடைசியில ஜோகன்னஸ்பர்க் வழியா டிக்கெட்டை மாத்திப் போனாங்க. கூடக் காசுதான். ஆனா அந்தக் குரல் என் காதுலயே இருக்கு. அத்தனை வருஷப் பழக்கத்துல அவ அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல.

தேரிக்காட்டான் தம்பி, பாட்டி காசை வாங்கினது சரிதான். வாங்கலன்னா அது பாட்டிக்கு அவமானம்.

மலைப்பள்ளி மாணவன்:

மூணு பேரும் எழுதிட்டீங்க. தராசு, ரசீது, ஊசி. பிள்ளைங்ககிட்ட யாராவது கேட்டாங்களா? தேரிக்காட்டான் "ரெண்டு பிள்ளைங்க"ன்னு ஒரு வரி. அவ்வளவுதான்.

நான் அந்தப் பிள்ளைங்கள்ல ஒருத்தன். அப்பாவும் அம்மாவும் பப்புவா நியூ கினியாவுக்கு வாத்தியார் வேலையா, ஊழியமாப் போனாங்க. என்னை மலையில ஒரு ஹாஸ்டல்ல சேர்த்தாங்க. கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி அம்மா என் துணியில எல்லாம் ஹாஸ்டல் நம்பரைச் சிவப்பு நூலால தைச்சாங்க. பனியன், துண்டு, காலுறை எல்லாத்துலயும். அது பரவாயில்ல, எல்லா ஹாஸ்டல் பிள்ளைக்கும் உள்ளதுதான்.

கால்சட்டையை மட்டும் மூணு அளவுல எடுத்திருந்தாங்க. இப்போ போடுறதுக்கு ஒண்ணு, அடுத்த வருஷத்துக்கு ஒண்ணு, அதுக்கடுத்த வருஷத்துக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணா என் இடுப்புல வச்சுப் பார்த்து, நான் எவ்வளவு வளருவேன்னு குத்துமதிப்பாக் கணக்குப் போட்டாங்க. அப்பா, "அவன் என் உயரம் வருவான், இன்னும் இறக்கி வை"ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டாங்க. நான் நடுவுல நின்னேன்.

கடைசிக் கால்சட்டை எனக்கு ஏறவே இல்ல. கணக்கு தப்பிப் போச்சு. வார்டன்தான் வேற வாங்கித் தந்தாரு.

அவங்க மேல கோவமான்னு கேட்காதீங்க. தெரியல.

பழைய பாளையங்கோட்டை:

மலைப்பள்ளித் தம்பிக்கு: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இந்தத் தலைமுறை கொஞ்சம் அதிகமாகவே தன் வருத்தத்தைப் பேசுகிறது. டோனாவூர் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியா வந்தவர். 1951-ல் கண் மூடும்வரை ஒரு தடவைகூடச் சொந்த ஊர் திரும்பவில்லை. வீடியோ கால் இல்லை, வந்த காலத்தில் விமானமும் இல்லை.

நம்மவர்களே என்ன குறைச்சல்? 1902-ல், பிற்பாடு பிஷப் ஆன அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்ச் சபை தன் சொந்தக் காசில் மிஷனெரி அனுப்புவதைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வருடமே, 1903-ல், நம் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. எந்தப் பணத்தில்? நம் சபையாரின் சொந்தக் காணிக்கையில். தேரிக்காட்டான், உங்கள் தெருப் பாட்டி செய்தது அதேதான். வாங்கியது சரியா என்று கேட்பதே தவறு. ஏழையின் காணிக்கையை மறுக்க நாம் யார்? வெள்ளைக்காரன் பணத்தில் நூறு வருடம் உட்கார்ந்து பழகியவர்களுக்குத்தான் இந்தச் சந்தேகமெல்லாம் வரும்.

போகிற குடும்பங்களுக்கு ஓர் ஆலோசனை. பிள்ளைகளைக் கையோடு கூட்டிப் போங்கள், அந்த ஊர்ப் பள்ளியிலேயே சேருங்கள். தமிழ் எழுத்து மறக்காமல் இருக்கத் தினம் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் கையால் எழுத வையுங்கள். முதல் வருடம் ஊருக்கு வராதீர்கள், வந்தால் மனம் திரும்பிப் போகாது. பெற்றோருக்கு வாரம் ஒரு முறை பேசினால் போதும். தினமும் பேசினால் இரு பக்கமும் நிம்மதி இருக்காது. கமிட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம், அதில் அழுகை வேண்டாம், காரியம் மட்டும். புகைப்படத்தில் அங்குள்ள பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், அது காணிக்கைக்காக எடுத்ததுபோல் இருக்கும்.

நெய்யூர்க்காரி:

பாளையங்கோட்டை ஐயா, ஏமி அம்மா கல்யாணம் பண்ணாதவங்க. பெத்த பிள்ளையை மலையில விட்டுட்டுக் கப்பலேறல. தம்பி சொன்னதுக்கும் நீங்க சொன்னதுக்கும் என்ன சம்பந்தம்? "வருத்தத்தை அதிகமாப் பேசுது"ன்னா, இத்தனை வருஷமாப் பேசாம இருந்துட்டு இன்னைக்குத்தான் ஒருத்தர் பேசுறாரு.

அந்தக் காலம் அந்தக் காலம்னா, அதே மலாவியில ஸ்காட்லாந்துக்காரங்க 1875-ல ஏரிக்கரையில கேப் மக்ளியர்னு ஒரு இடத்துல மிஷன் போட்டாங்க. மலேரியாவுல ஆளு ஆளாச் செத்து, 1881-ல இடத்தையே விட்டுட்டு பண்டாவேக்கு மாறினாங்க. கல்லறை இன்னும் அங்க இருக்கு. அதைப் பெருமையாச் சொல்லலாம், இல்லன்னா கொசுவலையோட போகலாம். நான் ரெண்டாவது கட்சி.

கிளம்புறவங்க யாராவது படிச்சா: மருந்து தோய்ச்ச வலையை ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கோங்க. மலேரியா வராம இருக்கத் தர்ற டாக்ஸிசைக்ளின் மாத்திரையை எட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு நீங்களாக் கொடுக்காதீங்க, பிள்ளை டாக்டரைக் கேளுங்க. அங்க காய்ச்சல் வந்தா அன்னைக்கே ரத்தம் பாருங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. லீவுல ஊருக்கு வந்த இடத்துல காய்ச்சல் வந்தா, ஆஸ்பத்திரியில முதல் வார்த்தையே ஆப்பிரிக்காவுல இருந்து வந்தோம்னு இருக்கணும். இங்க டைபாய்டு, டெங்குன்னு பார்த்துக்கிட்டே நாளைக் கடத்திருவாங்க.

மலைப்பள்ளி மாணவன்:

நன்றி அக்கா. பாளையங்கோட்டை ஐயாவுக்கு நான் பதில் எழுதல.

தேரிக்காட்டான்:

மலைப்பள்ளி அண்ணே, நீங்க கேட்டது உறைச்சுது. அந்தப் பிள்ளைங்க ரெண்டும் கூடத்தான் போயிருக்கு. பெரியவளுக்கு ஆறாம் வகுப்பு. பெட்டி கட்டுன அன்னைக்கு அவ மச்சில உட்கார்ந்துக்கிட்டு இறங்கவே இல்ல. அவளுக்குச் சாப்பாடு மேலதான் போச்சு.

கணக்குப்பிள்ளை ஐயா எழுதினதை வாட்ஸ்அப்ல அண்ணனுக்கு அனுப்பினேன். பேங்க் கணக்கை மாத்தவே இல்லையாம், இப்பத்தான் பதறுறாரு. அப்படியே பாட்டி காசைப் பத்தியும் கேட்டேன். அவர் கையில வச்சுக்கலையாம். அன்னைக்கே சங்கத்துல கட்டிட்டாராம்.

பாட்டிகிட்டப் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படும்னு நெனச்சேன். "சங்கத்துக்கா கொடுத்தேன்? அவனுக்குல்லா கொடுத்தேன். அந்தப் பிள்ளைங்க பிஸ்கட்டு வாங்கித் திங்கட்டும்னு கொடுத்தேன்"னு தெருவே கேட்கச் சத்தம் போடுது. ரசீதை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா ஆட்டுது.

கணக்குப்பிள்ளை (ஓய்வு):

ரசீது சங்கத்தின் புத்தகத்தில்தானே எழுதப்பட்டது? அப்படியானால் பணம் சங்கத்துடையது. அவர் கட்டியதுதான் முறை. நான் மேலே எழுதிய காரணத்தால் அதை மலாவிக்கு அனுப்பவும் இயலாது. உள்நாட்டு ஊழியத்தில் செலவாகியிருக்கும்.

தேரிக்காட்டான்:

இதை நீங்களே ஒரு நாள் வந்து பாட்டிகிட்டச் சொல்லிட்டுப் போங்க ஐயா. சாத்தான்குளத்துல இறங்கி போன் போடுங்க, நான் வந்து பைக்ல கூட்டிட்டுப் போறேன்.