பாதரசமும் புரதமும்: இவ்வளவு இறுக்கமாகப் பற்றும் உலோகம் மூளை வரை எப்படிச் செல்கிறது?

கேள்வி (வேதியியல் ஆசிரியர்)

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் கன உலோகங்களைப் பற்றிய பாடத்தில், பாதரசம் புரதங்களிலுள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் கந்தகத்தைப் பற்றிக்கொள்வதால் நொதிகள் செயலிழக்கின்றன என்று வழக்கம்போலச் சொல்லி முடித்தேன். மாணவி ஒருத்தி எழுந்து, "அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்றால், இரத்தத்தில் முதலில் எதிர்ப்படும் புரதத்திலேயே அது நின்றுவிட வேண்டாமா? மூளைக்கு எப்படிப் போகிறது, ஐயா?" என்று கேட்டாள். அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று கூறியிருக்கிறேன். அவளுக்குச் சரியான விடையைக் கொண்டுபோக விரும்புகிறேன்.

மறுமொழி 1 (உயிர்வேதியியல் ஆய்வாளர்)

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் மாணவி தொட்டிருப்பது இந்தப் பொருளின் மைய முடிச்சு. பிணைப்பு உறுதியாக இருப்பது வேறு, அது இடம் மாறாமல் இருப்பது வேறு. வகுப்பறையில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

மெத்தில் பாதரசத்துக்கும் (கார்பன் அடங்கிய மெத்தில் தொகுதியோடு இணைந்த பாதரசம்) கந்தகம் தாங்கிய தயோல் தொகுதிக்கும் இடையிலான நிலைப்பு மாறிலி, அதாவது பிணைப்பின் உறுதியைக் காட்டும் எண், 10-இன் 15 அல்லது 16-ஆம் அடுக்கு அளவில் இருக்கிறது. எனவே உடலுக்குள் பாதரசம் தனித்த அயனியாக அலைவது அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். ஆனால் இன்னொரு தயோல் பக்கத்தில் வந்தால், அது பாதரசத்தைப் பற்றிய பிறகே பழைய தயோல் விலகுகிறது. கட்டட வேலையில் வரிசையாக நின்று கைக்குக் கை செங்கல் மாற்றுவார்களே, அதுபோல. செங்கல் எந்தக் கணத்திலும் அந்தரத்தில் இருப்பதில்லை. ஆனாலும் சற்று நேரத்தில் மாடிக்குப் போய்விடுகிறது. பாதரசமும் இரத்தப் புரதமாகிய ஆல்புமினின் தனித்த தயோலிலிருந்து சிறிய மூலக்கூறான சிஸ்டீனுக்கும், அங்கிருந்து செல்லுக்குள் நிறைந்திருக்கும் குளூட்டாதயோன் என்னும் தயோல் மூலக்கூறுக்கும் இப்படித்தான் கைமாறுகிறது.

மூளைக்குள் நுழைவதற்கான விடையும் இங்கேயே இருக்கிறது. மெத்தில் பாதரசம் சிஸ்டீனோடு சேர்ந்து உருவாகும் இணைப்பு, வடிவத்தில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தை ஒத்திருக்கிறது. மூளைக்கு உணவாக அமினோ அமிலங்களை ஏற்றிச் செல்லும் கடத்திப் புரதம், இதையும் மெத்தியோனின் என்றே கொண்டு இரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி உள்ளே விட்டுவிடுகிறது. நஞ்சுக்கொடியிலும் இதே வழி உண்டு. ஜப்பானின் மினமாட்டாவில் 1956 மே 1 அன்று, மெத்தில் பாதரசம் கலந்த மீனை உண்டதால் வந்த நரம்பு நோய் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட பிறகு, மருத்துவர்களை உலுக்கியது இதுதான்: தாய்க்குச் சிறிய அறிகுறிகளே இருக்க, வயிற்றிலிருந்த குழந்தை கடுமையான மூளைப் பாதிப்போடு பிறந்தது. அங்கிருந்த ஆலையில் அசிட்டால்டிஹைடு என்னும் வேதிப்பொருளின் தயாரிப்பில் ஊக்கியாகப் பயன்பட்ட பாதரசம் விரிகுடாவில் கலப்பது 1968 வரை நிற்கவில்லை.

உள்ளே நுழைந்த பின் நடப்பதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். செல்லின் சாரக்கட்டாகிய நுண்குழல்கள் டியூபுலின் புரதத்தால் ஆனவை. அதில் தயோல்கள் மிகுதி. பாதரசம் அவற்றில் அமர்ந்ததும் குழல்கள் கலைகின்றன. வளரும் மூளையில் நரம்புச் செல்கள் பிரிந்து பெருகுவதும் தத்தம் இடத்துக்கு நகர்வதும் இந்தக் குழல்களை நம்பித்தான். இரண்டாவது, கந்தகத்தைவிடவும், அதை ஒத்த தனிமமாகிய செலினியத்தின் மேல் பாதரசத்துக்கு நாட்டம் அதிகம். தயோரெடாக்சின் ரிடக்டேஸ் என்னும் நொதியின் செயல்முனையில், கந்தகத்துக்குப் பதில் செலினியம் தாங்கிய செலினோசிஸ்டீன் வெளிப்பட நிற்கிறது. ஆக்சிஜனேற்றத்தால் கெட்டுப்போன தயோல்களைச் சீர்செய்ய உதவும் நொதி அது. பழுது பார்ப்பவரையே படுக்க வைத்தால் வீடு என்னவாகும்? குறைந்த அளவு பாதரசமும் பெரிய கேட்டை விளைவிப்பதற்கு இது முக்கியமான காரணம் என்று கருதுகிறேன்.

வகுப்பில் சொல்ல ஒரு நிகழ்ச்சி உண்டு. 1825-இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார், பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தண்ணீர் என்று எண்ணி மெர்க்குரிக் குளோரைடு என்னும் பாதரச உப்பின் கரைசலை விழுங்கிவிட்டார். உடனே முட்டையின் வெள்ளைக் கருவைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். திசுக்களைப் பற்ற வேண்டிய பாதரசம், இரைப்பையிலேயே முட்டைப் புரதத்தோடு சேர்ந்து திரண்டுவிட்டது.

மறுமொழி 2 (மருத்துவர்)

மேலே உள்ள விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசத்தைக் குழந்தை விழுங்கிவிட்டது என்று பதறி வருவார்கள். உலோகப் பாதரசம் குடலில் உறிஞ்சப்படுவது 0.01 சதவீதத்துக்கும் குறைவு. உண்மையான அபாயம் தரையில் உருண்டு இடுக்கில் தங்கிய மணிகளிலிருந்து எழும் ஆவி. மூச்சில் சென்ற ஆவியில் ஏறத்தாழ 80 சதவீதம் நுரையீரலில் தங்குகிறது. மின்சுமை இல்லாததால் அது கடத்திப் புரதத்தின் உதவியின்றியே மூளைக்குள் போகிறது. அங்கே கேட்டலேஸ் நொதி அதை அயனியாக்குகிறது. பிறகு தயோல்களைப் பற்றிக்கொள்வதால் வெளியேறுவது கடினமாகிவிடுகிறது. ஆகவே துடைப்பத்தால் பெருக்கிச் சிதறடிக்காமல், சன்னலைத் திறந்துவிட்டு, கெட்டியான தாளால் திரட்டி மூடியுள்ள பாட்டிலில் இடுங்கள்.

சிகிச்சையும் இதே வேதியியல்தான். டைமெர்காப்ரால், டிஎம்எஸ்ஏ (டைமெர்காப்டோசக்சினிக் அமிலம்) ஆகிய இரு மருந்துகளிலும் இரண்டிரண்டு தயோல்கள் உள்ளன. புரதத்திடமிருந்து பாதரசத்தைக் கைமாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதே நோக்கம். ஆனால் மெத்தில் பாதரச நஞ்சில் டைமெர்காப்ரால் கொடுக்கக் கூடாது. அது பாதரசத்தை மூளைக்கே கொண்டுசேர்க்கக்கூடும்.

முற்றிய பாதிப்பை மருந்து மீட்பதும் அரிது. அமெரிக்க வேதியியலாளர் கேரன் வெட்டர்ஹானின் கையுறை மீது 1996 ஆகஸ்டில் டைமெத்தில் பாதரசம் சில துளிகள் சிந்தின. நடை தள்ளாடத் தொடங்கியபோது மாதங்கள் கடந்திருந்தன. சிகிச்சை அளித்தும் 1997 ஜூனில் இறந்தார். தலைமுடியின் புரதமாகிய கெரட்டின் சிஸ்டீன் நிறைந்தது. மாதம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும் அவருடைய முடி இழையில், பாதரசம் ஏறி இறங்கிய வரலாறு அப்படியே பதிந்திருந்தது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. செங்கல் உவமையை அப்படியே வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன். ஓர் ஐயம்: எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுப்பது வழக்கம். வேகவைத்து உதிர்க்கும்போது பாதரசம் போய்விடுமா?

மறுமொழி 2 (மருத்துவர்)

போகாது, ஐயா. மீனில் இருப்பது பெரும்பாலும் மெத்தில் பாதரசம். அது கொழுப்பில் அல்ல, சதைப் புரதத்தின் தயோல்களில் பிணைந்திருக்கிறது. தோலை நீக்கினாலும் வேகவைத்தாலும் அங்கேயே இருக்கும்; நீர் வற்றுவதால் எடைக்கு எடை அளவு சற்றுக் கூடவே செய்யும். பிற மீன்களைத் தின்று பல ஆண்டுகள் வாழும் பெருஞ்சுறாக்களில்தான் அது மிகுதியாகச் சேர்கிறது. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. என்னிடம் வரும் தாய்மாரிடம் மத்தியையும் நெத்திலியையும் சொல்கிறேன். வீட்டுப் பெரியவர்களையும் உடன் வைத்துக்கொண்டு பேசினால்தான் அந்த மாற்றம் அடுப்படி வரை போகிறது.