புதுப்பிப்பு: கொலொபெங் வீடும் மேரியின் அடுப்பும்

ஆப்பிரிக்காவில் கிறிஸ்தவ சமயப் பணியும் ஆய்வுப் பயணமும் செய்த டேவிட் லிவிங்ஸ்டனும் அவர் மனைவி மேரியும் குடும்பத்தோடு போட்ஸ்வானாவின் கொலொபெங்கில் குடியேறியதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதை அவர்களின் முதல் வீடு என்று சொன்னது தவறு. மபோட்சா, சோன்வானே இரண்டுக்கும் பிறகு, 1847-இல் போய்ச் சேர்ந்த மூன்றாவது இடம் அது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

அப்புறம், கடையே இல்லாத ஊரில் ரொட்டி எப்படிச் சுட்டார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். புற்றுதான் அடுப்பு! பெரிய புற்றைக் குடைந்து உள்ளே தீ மூட்டுவார்கள். கல் பலகைதான் கதவு. முந்தைய மாவில் கொஞ்சம் எடுத்துப் புது மாவில் கலந்து, ஓரிரு மணி நேரம் வெயிலில் வைத்தால் புளித்து எழும்பிவிடும். நம் வீட்டு ஆப்ப மாவு மாதிரிதான். சோப்பும் மெழுகுவத்தியும்கூட வீட்டிலேயே செய்தவை. சோப்புக்குச் செடிச் சாம்பல்.

இத்தனை வேலைக்கு நடுவே மேரி சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தினார். அவர் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கணவரைவிட அந்த மண்ணை அவருக்கு நன்றாகத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

1850-இல் பிறந்து சில வாரங்களில் இறந்த மகள் எலிசபெத்தின் கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. எழுதும்போதே மனம் கனக்கிறது.