கூண்டுக்குப் பழகாத நான்கு பன்றிகள்: யோசனை தேவை

காடேறிய பன்றிகளைப் பிடித்துப் பழகியவர்கள் உதவுங்கள். கூட்டத்தில் மொத்தம் 11: மூன்று தாய், எட்டுக் குட்டி. வட்டக் கூண்டு, 1.5 மீட்டர் உயர வெல்டு மெஷ் எனும் பற்றவைத்த கம்பிவலை (மூலை இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குதித்துவிடும்), மேலிருந்து விழும் அகலக் கதவு. கதவைத் திறந்தே வைத்து, புளித்த மக்காச்சோளம் போட்டுப் பத்து நாள் பழக்கியாயிற்று. கேமராவில் பதினொன்றும் உள்ளே வந்தது பதிவானது.

தவறு இடறுகம்பியில், அதாவது பன்றி தட்டினால் கதவை விழவைக்கும் கம்பியில். வாசலை ஒட்டிக் கட்டியதால், முந்தி ஓடிய ஏழு குட்டிகளே கதவை விழவைத்துவிட்டன. கம்பி, வாசலுக்கு எதிரே உள்கோடியில் போட்ட தீனிக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். இப்போது மிச்ச நான்கும் வாசலுக்கு ஓரடி முன்னால் நின்று, மூக்கை நீட்டி, சிந்திய மணிகளை மட்டும் பொறுக்கிவிட்டுத் திரும்புகின்றன.

தாய்களை விட்டால் செய்த வேலை வீண். பெண் பன்றி எட்டு மாதத்துக்குள்ளேயே சினைபிடிக்கத் தயாராகிவிடும். ஆண்டுக்கு 70 சதவீதம் வரை அகற்றினால்தான் எண்ணிக்கை ஏறாது என்பது பொதுக் கணக்கு.

துப்பாக்கி வேண்டாம் என்று நினைக்கிறோம். ஒன்றிரண்டு விழும், மற்றவை சிதறி இரவாடிகளாகிவிடும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் தன் வனப்பாதுகாப்பு நிலங்களில் பன்றி வேட்டையை 2016-இல் நிறுத்தியதும் இதனால்தான்.

கேள்விகள்: கூண்டை எத்தனை மீட்டர் நகர்த்தலாம்? தரையில் கிடந்து பிறகு மேலெழும் வலைப்பொறிக்கு இவை வருமா? தீனியை மாற்றுவது பலன் தருமா, எத்தனை நாள் இடைவெளி விட்டு? மான்கள் தீனியைத் தின்றுவிடுவது தனித் தொல்லை, அதற்கும் வழி சொல்லுங்கள்.