கேமில் ஆற்றங்கரையில் உங்களுக்கு எதிர்ப்பட்டது என்ன?

ஆற்றங்கரைக்காரன்:

எங்கள் ஊரின் பெயரே ஆற்றங்கரை. வைகை பாக் விரிகுடாவில் சேரும் இடம். பெயரை நம்பி உச்சிப்புளியில் இறங்கி வருகிறவர்கள் முதலில் கேட்பது "ஆறு எங்கே?" என்றுதான். மதுரையைத் தாண்டி வரும் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் எங்கள் முகத்துவாரத்துக்குப் புதுத் தண்ணீர். மற்ற நாளெல்லாம் கடல் உள்ளே ஏறி நிற்கும். அதனால் ஓடுகிற ஆற்றின் ஓரமாக மணிக்கணக்கில் நடந்தது என்றால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது 'தி ஹண்டர்: கால் ஆஃப் தி வைல்ட்' என்ற வேட்டைக் கேமில்தான்.

2017-இல் வந்த கேம். இன்னும் ஆடுகிறேன். ஆரம்பத்தில் எல்லாரையும் போலக் காட்டுக்குள் ஓடினேன். ஓடினால் சத்தம், சத்தம் கேட்டால் மிருகம் பறந்துவிடும். ஒரு மாதம் கழித்துத்தான் புத்தி வந்தது: தேடிப் போகக் கூடாது, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இந்தக் கேமில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தண்ணீர் குடிக்க, மேய, படுக்கத் தனித்தனி இடமும் நேரமும் உண்டு. கரையில் தடம் பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மேப்பில் நேரத்தோடு பதிந்துவிடும். மறுநாளும் அதே நேரத்துக்கு வரும்.

அப்படி லேட்டன் லேக் மேப்பில் (கேமில் உள்ள வேட்டைக்காடுகளில் ஒன்று, அமெரிக்காவின் வடமேற்கு மாதிரி செய்தது), ஒரு விடியற்காலை ஆற்றோடு கீழ்முகமாக இறங்கிக்கொண்டிருந்தேன். மூடுபனி. கரையோரப் பாறை மட்டும் கறுப்பாகத் தெரிகிறது. முன்னால் எங்கோ தண்ணீர் சளக் சளக் என்றது. மீன் துள்ளுகிற சத்தம் இல்லை, அது எனக்குத் தெரியும். கனமான ஏதோ ஒன்று காலை எடுத்து வைக்கிறது. குப்புறப் படுத்து பைனாகுலரை எடுத்தால் ஒரு மூஸ், மாடு மாதிரி பெரிய மான். ஆண். முறம் முறமாகக் கொம்பு. வயிறு நனையத் தண்ணீரில் நிற்கிறது. கையில் இருந்ததோ முதலில் கொடுக்கும் .243 ரைஃபிள். மூஸுக்கு அது போதாது. சரி, பார்க்கவாவது செய்வோம் என்று படுத்தே கிடந்தேன்.

அன்றைக்குத் தாத்தா பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். கொஞ்சம் கிட்டத்தில் போகலாம் என்று நான் ஊர்ந்தபோது கேட்டார்: "காத்து எங்குட்டுப்பா அடிக்குது?"

திரையில் காற்று காட்டுகிற இடத்தைக் காட்டினேன்.

"முதுகுல இருந்துல அடிக்குது. ஓன் வாடை அதுக்குப் போகுமா போகாதா?"

சொல்லி வாயை மூடவில்லை. மூஸ் தலையை நிமிர்த்தியது. அப்புறம் அந்தக் கரைக்கு ஏறி மரத்துக்குள் போய்விட்டது. கச்சான், வாடை, கொண்டல், சோளகம் என்று காற்றுக்கு நாலு பெயர் கேட்டே வளர்ந்தவன் நான். ரைஃபிளைப் பற்றி இருபது வீடியோ பார்த்தேனே தவிர, காற்றை ஒரு நாளும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் முன் காற்று முகத்தில் அடிக்கிற கரை எது என்று பார்த்துவிட்டுத்தான் அடி வைப்பேன். தேவைப்பட்டால் ஒரு கிலோமீட்டர் சுற்றி வருவேன்.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். ஸ்கோர் வேண்டாம், அதற்கு வேறு இடம் இருக்கிறது. கரையில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

கீழக்கரை மச்சான்:

காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), உங்கள் தாத்தாவுக்கு என் சலாம். நான் துபாயில் இருக்கிறேன், வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் ஆட்டம். எனக்குப் பிடித்தது மிசிசிப்பி ஏக்கர்ஸ் மேப். அங்கே ஆறு எது, சேறு எது, காடு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. போன வாரம் ஒரு வாய்க்கால் ஓரம் கட்டை ஒன்று கிடந்தது. அதன்மேல் ஏறி நின்று பார்க்கலாம் என்று போனேன். நாலு அடி இருக்கும்போது கட்டை தண்ணீருக்குள் வழுக்கிப் போனது. முதலை! ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

ஆனால் எனக்கு அந்த மேப் பிடித்ததற்குக் காரணம் காரங்காடுதான். தொண்டி போகிற வழியில், கோட்டக்கரை ஆறு கடலில் சேருகிற இடத்தில் அலையாத்திக் காடு இருக்கிறதே, அங்கே வனத்துறைப் படகில் ஒரு தடவை வாப்பா கூட்டிப் போனார்கள். சேற்றிலிருந்து மூச்சுவேர் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும். படகு மோட்டாரை நிறுத்தியதும் காட்டுக்குள் நண்டு ஓடுகிற சத்தம் வரைக்கும் கேட்டது. கேமில் வாய்க்காலுக்குள் நுழையும்போதெல்லாம் நான் எதிர்பார்ப்பது அந்தச் சத்தத்தை. வரவில்லை. அது வேறு ஊர், வேறு மரம், தெரியும். இருந்தாலும் காது அதைத்தான் தேடுகிறது.

சக்கரக்கோட்டை அக்கா:

நான் சுடுவதே இல்லை, கேமிலேயே கேமரா இருக்கிறது, அது போதும். பார்க்கே ஃபெர்னாண்டோ மேப் அர்ஜென்டினாவின் பாட்டகோனியா. முதல் நாள் ஆற்றோரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? நம் புள்ளிமான். நாலு எட்டில் வெளிமான் கூட்டம், முறுக்குக் கொம்போடு. ஏதோ தப்பாகச் செய்துவிட்டார்கள் என்று சிரித்தேன். தேடிப் படித்தால், உண்மையிலேயே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டைக்காக இரண்டையும் அர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். இங்கே கோடியக்கரையில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிற மான், அங்கே பண்ணையில் வேட்டைக்கு நிற்கிறது. அந்தப் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் பார்க்கும்போது ஒரு மாதிரிதான் இருக்கிறது.

தம்பிகளுக்கு ஒன்று. உட்காரப் பழகியவர்கள் மார்கழி, தை மாதத்தில் எங்கள் சக்கரக்கோட்டைக் கண்மாய்க் கரைக்கு வாருங்கள், பறவைகள் சரணாலயம்தான். காலை ஆறு மணிக்கு நாரை இறங்குவதைப் பார்க்கலாம். தனுஷ்கோடி போகிற வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணீரில் பூநாரை நிற்கும். அதற்கும் இதே விதிதான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வராதீர்கள்.

பாம்பன் போட்டு:

நான் விசைப்படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் கேம். ஹிர்ஷ்ஃபெல்டன் மேப்பில் ஒரு ஏரிக்கரையில் சிவப்பு மான் வரும் இடம் கிடைத்தது. ஒரே உட்காரலில் ஐந்து. அப்புறம் அந்தக் கரைக்கு ஒன்றுகூட வரவில்லை. ஒரே இடத்தில் அதிகம் கொன்றால் மேப்பில் அந்த இடம் நிறம் மாறும், தண்ணீர் குடிக்கிற இடமே அழிந்துபோகும் என்று அப்போது தெரியாது. தடையில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கே இது உறைக்கவில்லை பாருங்கள்.

இன்னொன்று. வேறொரு கரையில் மூன்று நாள் காத்திருந்தேன். பெரிய கொம்பு, வந்து, குனிந்து, வாயைத் தண்ணீரில் வைத்தது. கரண்ட் போச்சு.

ஆற்றங்கரைக்காரன்:

பாம்பன் அண்ணன், யூபிஎஸ் வாங்குங்கள். சனி ராத்திரி லேட்டன் லேக்கில் சேர்ந்து இறங்கலாமா? எட்டுப் பேர் வரைக்கும் இடம் உண்டு. அக்கா கேமராவோடு வரலாம், அவர்கள் நிற்கிற கரையில் யாரும் சுட வேண்டாம். நானும் சும்மா பார்க்கத்தான் வருகிறேன். தாத்தா தினமும் கேட்கிறார், "அந்தக் கொம்பு மாடு திரும்ப வந்துச்சாப்பா?"